தலைப்பு கிடைத்த நாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டை வாங்கியது தலைப்புகளை எழுதிப் பார்க்கத்தான். முதல் பக்கத்திலேயே புலம்பல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போகட்டும், கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

காலையில் சேனலில் கூட்டம். எங்கள் கம்பெனி கொடுத்த ரியாலிட்டி ஷோவை எடுத்துக்கொண்டார்கள். வீட்டைவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போனவரை மேடையின் ஒரு பக்கமும், அவர் பார்க்க ஏங்கும் ஆளை மறுபக்கமும் உட்கார வைப்போம். நடுவில் கனத்த திரை. திரையின் கயிறு போனவர் கையில். அவர் மட்டும்தான் இழுக்கலாம். இழுக்க மனமில்லையென்றால் எழுந்து போய்விடலாம். அந்தப் பக்கம் இருப்பவர் திரை விலகும்வரை வாயைத் திறக்கக் கூடாது. விதிகள் எல்லாம் நான் எழுதியவை. நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் ஆல்ட்ரின் சாருக்கு எல்லாம் பிடித்திருந்தது, பெயரைத் தவிர. 'தேடும் கண்கள்' என்று வைத்திருந்தேன்.

"மங்கை, இது கண் ஆஸ்பத்திரி விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் நான் பெயர் வைத்த 'சம்பந்தி விருந்து' பதினோராவது வாரத்தில் மூடுவிழா கண்டதையும் மறக்காமல் எடுத்துப் போட்டார். "பேரைக் கேட்டு கேட்டரிங்காரங்க மட்டும்தான் பார்த்தாங்க" என்றார். அதற்கும் சிரிப்பு.

22ஆம் தேதி முதல் ஷூட்டிங். அதற்குள் பெயர் வரவில்லையென்றால் ஷோ வேறு கம்பெனிக்குப் போய்விடும். எனக்கு வயது நாற்பத்தெட்டு. இந்தத் தொழிலில் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு வேலை தருகிறவர்கள் யாரும் இல்லை. பயமாக இருக்கிறது.

பல் வலி வேறு. கீழ் வரிசைக் கடைசிப் பல்லைப் பிடுங்கச் சொல்லி ஒரு மாதம் ஆயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சொல்லாமல் போனாய். எங்கே இருக்கே? கதவு திறந்திருக்கு. ஒரு தடவை பார்க்கலாமா. மன்னிச்சிடு.

எனக்கென்று ஒரு சோதனை உண்டு. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போது தலைப்பை உரக்கச் சொல்வேன். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ராஜகோபாலுக்கு அது ஒரே தடவையில் காதில் விழ வேண்டும். விழுந்தால் பாஸ். கணவர் என்று ஒருவர் இருப்பதால் தொழிலுக்கு உள்ள ஒரே லாபம் இதுதான்.

இரண்டாவது விசிலில் "கதவு திறந்திருக்கு" என்று கத்தினேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தலைப்பை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று ஒரு பெண் கிடைத்தாள். முதல் எபிசோட் இவள்தான்.

ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலை குணசீலியுடையது. ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறாள். கண்ணில் விரலைவிட்டு ஆட்டுவாள், ஆனால் வேலையில் கெட்டி. அவள் கூட்டிவந்த பெண்ணின் பெயர் முப்பிடாதி. இருபத்தாறு வயது. அம்பத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் சட்டைக் காலர் தைக்கிறாள். ஐந்து வயதில் மகள், அனுசியா. மூன்று வருடம் முன்பு கணவனை விட்டுவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறியவள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஊர்ப் பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். வாக்கு என்றால் வாக்கு.

இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. என்னம்மா ஆச்சு என்றேன்.

"கதவிடுக்குல வச்சுச் சாத்துனாரு மேடம்" என்றாள். மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அவளுக்கு வேண்டியது அம்மா மட்டும். அம்மா வீடு கணவன் வீட்டுக்கு அடுத்த தெரு. அம்மாவின் போன் தம்பி கையில். தம்பி ஓட்டுவது கணவனின் லோடு வண்டி. கடிதம் போட்டால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தம்பிதான் படிக்க வேண்டும்.

"நான் உசுரோட இருக்கேன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது மேடம். நீங்க டிவிக்காரவுக. ஏதாச்சும் கோலப் போட்டி, சமையல் போட்டின்னு சொல்லிக் கூப்பிட்டா விட்டுருவானுவ. இங்க வந்துட்டாப் போதும், கையோட கூட்டிக்கிட்டுத் திருப்பூர் பக்கம் போயிருவேன். அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா வந்துருவாரு. வந்தா இந்தத் தடவ விரலோட விட மாட்டாரு."

முகம், குரல், பெயர் மூன்றையும் மாற்றித்தான் ஒளிபரப்புவோம் என்று சொன்னேன். அவளுக்குப் போதவில்லை. மகளை முன்னால் நிறுத்தி, "இவ தலையில கைய வச்சுச் சொல்லுங்க மேடம்" என்றாள். வைத்துச் சொன்னேன். பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய். பிறகு கையை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டேன்.

கேமரா முன்னால் பதினொரு நிமிடம் பேசினாள். நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். அந்தக் குரலுக்குள் எங்கேயோ என் தலைப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணி லாரி வரவில்லை. தலைப்பும் வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தலைப்புச் சோதனைக்கு ஏற்பாடு. இதற்கென்றே ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். மூன்று ஊர், ஊருக்குப் பன்னிரண்டு பெண்கள். உட்கார வைத்து, கேசரி, பஜ்ஜி கொடுத்து, நாற்பது வினாடி மாதிரி ப்ரோமோவைப் போட்டுக் காட்டுவார். ஒவ்வொரு ஊரிலும் வேறு தலைப்பு. மறுநாள் காலையில் போன் செய்து, நேற்று என்ன பேர் பார்த்தீங்க என்று கேட்பார். எது நினைவில் நிற்கிறதோ அதுதான் தலைப்பு. சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி.

ப்ரோமோவுக்கு முப்பிடாதியின் ஆடிஷனிலிருந்து வெட்டி எடுத்தோம். முகத்தை மறைத்தாயிற்று. குரலையும் மாற்ற வேண்டும் என்று குணசீலி ஒற்றைக் காலில் நின்றாள். மாற்றிப் பார்த்தோம். வாத்து பேசுவதுபோல் இருந்தது. எடிட்டர் சிரித்துவிட்டான். அழவைக்க வேண்டிய இடத்தில் சிரித்தால் எந்தத் தலைப்பு ஒட்டும்?

"அக்கா, சத்தியம் பண்ணிருக்கீங்க."

"ஒளிபரப்புல மாத்துறேன்னுதான் சத்தியம் பண்ணேன். இது ஒளிபரப்பா? முப்பத்தாறு பொம்பளைங்க பார்க்கப் போறாங்க. அவ்வளவுதான்."

அசல் குரலையே வைத்தோம். குணசீலி மதியம் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏஜென்ட் போன். திருநெல்வேலியில் ஹால் அமையவில்லையாம். சங்கரன்கோவிலில் அவர் மச்சான் வீட்டு மாடி சும்மா கிடக்கிறதாம், அங்கே வைத்துக்கொள்ளலாமா என்றார். சரி என்றேன். பல் வலியில் தாடை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஊர்ப் பெயர் காதில் பட்டபோது ஏதோ நெருடியது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூன்று ஊர் ரிப்போர்ட்டும் வந்தது. முப்பத்தாறு பேரில் தலைப்பைச் சொன்னவர்கள் ஆறு பேர். சேலத்தில் ஒருத்தி 'ஏதோ சீரியல் பேரு' என்றிருக்கிறாள்.

ஆனால் அந்தப் பெண்ணை முப்பத்தாறு பேருமே மறக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு அம்மா கெடச்சாளா?" என்று தஞ்சாவூரில் ஒருத்தி திருப்பி ஏஜென்டுக்கே போன் போட்டிருக்கிறாள். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு பெயர் கிடைக்காமல் திண்டாடுகிறேன். என்னை எதால் அடிப்பது?

கடைசிப் பக்கத்தில், பிற குறிப்புகள் என்ற இடத்தில் ஏஜென்ட் இதை எழுதியிருந்தார்: சங்கரன்கோவிலில் ஒரு பெண்மணி பாதியில் எழுந்து வெளியே போய்ப் போன் பேசினார். காரணம் கேட்டதற்கு, 'இது எங்க தெரு செல்லச்சாமி பொண்டாட்டி சத்தம்லா' என்றார்.

குணசீலிதான் முதலில் படித்தாள்.

"அக்கா, இப்பவே முப்பிடாதிகிட்ட சொல்லணும். அவ வீடு மாறணும்."

"சொல்லலாம். பயந்துபோய் ஷூட்டிங்குக்கே வராம ஓடிட்டா? வேற ஆள் யாரு இருக்கா உன்கிட்ட?"

"ஆள் கதை இல்லக்கா இது."

"நாளைக்கு லீவு. திங்கக்கிழமை நானே பக்குவமா பேசுறேன். நீ வாயைத் திறக்காதே."

மதிய உணவுக்குள் காரியத்தை முடித்தேன். முப்பிடாதியையும் குழந்தையையும் கம்பெனி கெஸ்ட் ஹவுஸுக்கு மாற்றினேன். அவள் போனை வாங்கி என் டிராயரில் வைத்துக்கொண்டேன். ஷூட்டிங் முடியும்வரை கலந்துகொள்கிறவர்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்பது எல்லா ரியாலிட்டி ஷோவிலும் உள்ள விதிதான். வாட்ச்மேனிடம், என்னைத் தவிர யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லியிருக்கிறேன். பாதுகாப்பு முக்கியம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கெஸ்ட் ஹவுஸ் பக்கம் போகலாம் என்று நினைத்தேன். ராஜகோபாலின் அண்ணன் குடும்பம் சாப்பிட வந்துவிட்டது. அவியல் நன்றாக அமைந்தது. எனக்கு மெல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

செல்லச்சாமி வந்தான்.

ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு பால்கோவா டப்பா. நான் போனதும் எழுந்து நின்று கும்பிட்டான். பெண்டாட்டி விரலைக் கதவில் நசுக்குகிறவன் இப்படித்தான் இருப்பான் என்று மனதில் ஒரு உருவம் வைத்திருந்தேன். இவன் பாங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் போல இருந்தான்.

"மேடம், எம் பொண்டாட்டி உங்க ப்ரோக்ராம்ல பேசுதாள்னு ஊர்ல சொன்னாவ. மூணு வருசமா தேடாத எடம் இல்ல. எம் மவ மொகமே மறந்துபோச்சு."

அவள் இங்கே இல்லை, முகவரியும் தர முடியாது என்று சொன்னேன். அதில் நான் கறார். ஒரு எழுத்துக்கூடச் சொல்லவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வேண்டாம் மேடம். உங்க ப்ரோக்ராமுக்கே வாரேன். நாலு பேர் பாக்க, கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன்."

இதை ஆல்ட்ரின் சாருக்குப் போனில் சொன்னேன். ஒரு தகவலாகத்தான் சொன்னேன். மனிதர் துள்ளிக் குதித்தார்.

"மங்கை! அம்மா பொண்ணு சேர்றதை தினமும் எல்லா சேனல்லயும் காட்டுறான். திரைக்கு அந்தப் பக்கம் புருஷன். அவ அம்மான்னு நெனச்சு இழுக்குறா. யோசிச்சுப் பாருங்க!"

"அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"வாக்குக் கொடுங்க, வேணாங்கலை. பேரு கொடுத்தீங்களா? இன்னும் நாலு நாள் இருக்கு. நான் வேற கம்பெனிகிட்ட பேச ஆரம்பிச்சாச்சு, தெரியும்ல?"

தெரியாது. இன்றுதான் தெரிந்தது.

திருந்தியிருக்கலாம் இல்லையா? மனிதர்கள் திருந்துவதே இல்லையா? திரையை இழுப்பதும் இழுக்காததும் அவள் உரிமை. விதி அப்படித்தான் இருக்கிறது. செல்லச்சாமியிடம் 22ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். பால்கோவாவை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்தேன். குணசீலி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முப்பிடாதியின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். கோலப் போட்டி என்று சொல்லி, மகன் சம்மதம் வாங்கி, சென்னைக்கு டிக்கெட்வரை குணசீலி போட்டு வைத்திருந்தாள். நடுவராக ஊருக்கு ஒரு அம்மாவைக் கூப்பிடுகிறோம் என்று சொன்னாளாம். கெட்டிக்காரி.

தேதி தள்ளிப்போய்விட்டது, சொல்லி அனுப்புகிறோம் என்றேன். மகன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அப்பம் அடுத்த வாரமா தாயி? நான் வேற சேலையெல்லாம் எடுத்து வச்சுட்டேன்" என்றாள் அந்த அம்மா. "அடுத்த வாரம்தாம்மா" என்றேன்.

போனை வைத்ததும் திரும்பினால் குணசீலி நிற்கிறாள். கெஸ்ட் ஹவுஸுக்குப் போனாளாம், வாட்ச்மேன் விடவில்லையாம்.

"அந்தாளு அவளைக் கொன்னுடுவான்க்கா."

"அவர் அழுதார். நீ பார்க்கலை."

"நான் போலீசுக்குப் போறேன்."

"போ. என்ன சொல்லுவே? புருஷன் பொண்டாட்டியைப் பார்க்க வர்றான்னா? உட்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவாங்க."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆறு வருடம் சோறு போட்ட இடம். நன்றி கெட்டவள் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன்.

மாலையில் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு போன் செய்தார். புரியவைத்தேன். எந்த சேனலில் வரும், எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

விட்டுப்போன உறவு. மறுபடியும் நாம். யாரோ காத்திருக்காங்க. எதுவும் தேறவில்லை. 'மறுபடியும் நாம்' குக்கர் விசிலில் காணாமல் போய்விட்டது.

கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். பிள்ளை கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. ஏசி ரூமை அது இப்போதுதான் பார்க்கிறதாம். முப்பிடாதி ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். மிச்சத் துணியில் அம்மாவுக்காகத் தைத்தாளாம்.

"மூணு வருசத்துல எளச்சிருப்பா. அளவு தெரியல மேடம். அதான் ரெண்டு பக்கமும் உள்ளுக்க துணி விட்டுருக்கேன், வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றாள். பிறகு, "அம்மா ஊர்லருந்து கெளம்பிட்டாளா மேடம்?" என்றாள்.

"கிளம்பிட்டாங்க."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மடங்காத அந்த இரண்டு விரலும் என் கன்னத்தில் பட்டன. எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. பல்லைக் காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தலைப்பு கிடைத்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் செல்லச்சாமி சொன்ன நேரத்துக்கு வந்தான். அதே வெள்ளைச் சட்டை. திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். "சொல்லுதபடி இருக்கேன் மேடம்" என்றான். அப்படியே இருந்தான். அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் மேலே கண்ட்ரோல் ரூமில். ஆல்ட்ரின் சார் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் முன்னால் ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் திரைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சொல்லத்தான் அது.

முப்பிடாதி மஞ்சள் சேலையில் வந்தாள். தொகுப்பாளர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள். பார்வையாளர்களில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். "கயிறு உங்க கையில இருக்கு. திரைக்கு அந்தப் பக்கம் உங்களுக்காக ஒருத்தர் காத்துட்டிருக்காங்க" என்றார் தொகுப்பாளர். எழுந்து கயிற்றைப் பிடித்தாள்.

இழுக்கவில்லை. தலையைச் சாய்த்து, எதையோ உற்றுக் கேட்டாள்.

"சார், எங்கம்மா அங்க இல்ல."

தொகுப்பாளர் சிரித்துச் சமாளித்தார். "ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

"எங்கம்மாவால இருமாம ரெண்டு நிமிசம் இருக்க முடியாது சார். பீடி சுத்திச் சுத்தி அந்தத் தூளு நெஞ்சுல கட்டிக் கெடக்கு. நானும் அரை மணி நேரமா காத வச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு செருமல்கூட இல்லயே."

பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள். "எம்மா. இருக்கியா? பேச வேண்டாம். ஒரே ஒரு தடவ இருமு."

இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் அவன் கையைக் கட்டிக்கொண்டு, விதிப்படி, சிலை மாதிரி இருந்தான். அவள் கயிற்றை விட்டுவிட்டாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். கண் வெளியே போகும் வாசலைத் தேடியது.

"போச்சு" என்றார் ஆல்ட்ரின் சார் என் காதருகே. "அவ்வளவுதான். ஷோ போச்சு மங்கை."

நான் மைக் பட்டனை அழுத்தி இருமினேன். இரண்டு தடவை. இரண்டாவதைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் சளி கட்டியதுபோல்.

"எம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஓடிவந்து இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தாள்.

திரை விலகியது. அவன் எழுந்து நின்று கும்பிட்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. முதலில் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், அம்மா அங்கே நிற்கிறாளா என்று. நாற்காலிக்கு அடியில்கூடப் பார்த்தாள். பிறகுதான் அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று மூன்று கேமராவையும் முகத்தில் வைத்திருந்தோம். கத்தவில்லை. மடங்காத விரல்களை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

ஏற்பாட்டின்படி குழந்தையை மேடைக்கு அனுப்பினார்கள். அதற்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. காலில் விழவும் இல்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

"வா வீட்டுக்கு."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பெண் விக்கி விக்கி அழுதாள். ஆல்ட்ரின் சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மங்கை! அதான் பேரு! 'வா வீட்டுக்கு!' பிச்சுக்கிட்டுப் போகும்!"

அவள் எழுந்து போயிருக்கலாம். விதியில் இடம் இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் குழந்தை அவன் தோளில் இருந்தது. அவன் நடந்தான், அவள் பின்னால் போனாள். ஊர் போய்ச் சேர கம்பெனி காரே கொடுத்தோம். அவளுடைய போனை அவனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

சந்தோஷமாக இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். பதினெட்டு நாள் கழித்து இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

குக்கர் சோதனை. முதல் விசிலிலேயே ராஜகோபாலுக்குத் தெளிவாகக் கேட்டது. "யாரை வீட்டுக்குக் கூப்பிடுறே?" என்றார்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. வேர் நீளம் என்று டாக்டர் காட்டினார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மறுபடியும் தலைப்புச் சோதனை. முப்பத்தாறில் முப்பத்தைந்து பேர். ஏஜென்ட் தன் இருபது வருட அனுபவத்தில் பார்க்காததாம். மீதி ஒருத்திக்குக் காது கேட்காதாம்.

ஆல்ட்ரின் சார் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். 'தலைப்பு, மன்னிக்கவும், தலைவி' என்று ஒரு ஜோக். இந்தத் தடவை நானும் சிரித்தேன். குணசீலி இடத்துக்கு ஆள் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் எபிசோட் ஒளிபரப்பு. முகத்தை மறைக்கவில்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்றாளோ அவருக்கே தெரிந்துவிட்டது, இனி மறைத்து என்ன? சம்மதப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இருமலை எடுத்துவிடலாமா என்று எடிட்டர் கேட்டான். அந்த இடம்தான் உயிர், வை என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். நன்றாக வந்திருக்கிறது. அபார்ட்மென்டில் மூன்று வீட்டில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி இறங்கும்போது கேட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

காலை பத்து மணிக்கு ரிசப்ஷனிலிருந்து, யாரோ ஒரு அம்மா விடாமல் கூப்பிடுகிறார் என்று லைனைக் கொடுத்தார்கள். எடுத்தேன். முதலில் இருமல்தான் கேட்டது. நீண்ட இருமல். நான் செய்தது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

"யம்மா, 'வா வீட்டுக்கு' போடுத ஆபீசா? பக்கத்து வீட்டு டீச்சர் போன்லருந்து பேசுதேன். நான் முப்பிடாதியோட அம்மா."

சொல்லுங்கம்மா என்றேன்.

"அவ வந்து பதினேழு நாளாச்சு தாயி. அடுத்த தெருதான். கதவத் தட்டுனா தொறக்க மாட்டேங்கான். புள்ள மட்டும் ஒருநா சன்னல்ல நின்னுச்சு, இழுத்துட்டுப் போயிட்டான். எம்மவ சத்தம் மொத ரெண்டு நாளு கேட்டுச்சு. இப்பம் அதுவும் கேக்கல."

இது குடும்ப விஷயம், சேனல் தலையிட முடியாது என்று சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல தாயி. நீங்க பெரிய எடம். நேத்து டிவியில பாத்தேன். எம்மவ நின்னு, எம்மா ஒரு தடவ இருமுன்னு கேட்டா. யாரோ ஒருத்தி இருமுனா. அது நான் இல்லயே. நான்தான் வரவே இல்லயே. அந்த இருமல் கேக்கலைன்னா எம்மவ அந்தக் கயித்தத் தொட்டிருக்க மாட்டா." மறுபடியும் இருமினாள். நான் காத்திருந்தேன். "இருமுனவ யாருன்னு மட்டும் சொல்லிருங்க. அவ பேரு தெரியணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"குணசீலி" என்றேன்.

மறுபடியும் மெதுவாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் சொன்னாள்.